ஒரே ஷிப்ட்

கம்பெனியில் மனிதர்கள் ஷிப்ட் போடுவது நின்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஒன்றாகச் சுழன்று வரும். இந்த வாரம் விடியலில் எழுந்தவன் அடுத்த வாரம் விடியலில் படுப்பான். வயிறு ஒரு வழி போகும், தூக்கம் ஒரு வழி போகும். ஒரகடத்திலிருந்து படப்பைக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து வாயைப் பிளந்து கிடப்பார்கள். அந்தக் கண்றாவியைப் பார்த்து மனமிரங்கித்தான் ‘இசைவு’ கொண்டுவந்தோம் என்றது நிர்வாகம். மனமிரங்கினார்களோ, மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள் போட்ட கேஸுக்குப் பயந்தார்களோ, நமக்கென்ன தெரியும்.

இசைவு என்பது மணிக்கட்டில் கட்டுகிற ஒரு பட்டை, அதற்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு கணினி. பட்டையை எல்லோரும் காப்பு என்றே சொன்னார்கள். குளிக்கும்போதும் கழற்றக்கூடாது. நாடி, வியர்வை, தூக்கம், ரத்தத்தில் ஏறி இறங்குகிற என்னென்னவோ, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். யாருக்கு எந்த நேரத்தில் உடம்பு தெளிவாக இருக்கிறதோ அந்த நேரத்தில் அவருக்கு வேலை. எந்த நேரம் யாருக்கு ஆகவில்லையோ அந்த நேரத்தை மெல்ல அவர் வாழ்க்கையிலிருந்து ஒதுக்கிவிடும். காப்பில் ஒரு பொட்டு விளக்கு உண்டு. பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் மனுஷன் படாத பாடு படுகிறான் என்று அர்த்தம்.

நல்லது செய்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை தின்றவர்கள் நிறுத்தினார்கள். பஸ்ஸில் விழித்திருந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். யூனியன்காரர்களே கொஞ்சநாள் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தவித்துப்போனார்கள். கம்பெனிக்கு ஏதோ விருதுகூடக் கொடுத்தார்கள்.

ஹேமலதாவுக்கும் காப்பு நல்லதுதான் செய்தது. காரில் ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்துகிற கண்ணாடித் திரைகளைச் சோதிப்பது அவள் வேலை. எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், விளக்குக்கு எதிரே சாய்க்க வேண்டும், எங்காவது ஒளி வராத செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தட்டில் வைக்க வேண்டும். முன்பெல்லாம் ஷிப்ட் முடிவதற்குள் கண் எரிந்துவிடும். இப்போது எரிவதில்லை. நன்றாகத் தூங்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள். புருஷனை மட்டும் பார்க்க முடியவில்லை.

அவள் புருஷன் ஏழுமலையும் அதே கம்பெனிதான், பேக்கிங் பிரிவு. கேன்டீன் வரிசையில் நீ முந்தி, நான் முந்தி என்று சண்டை போட்டுப் பழகி, சண்டை போட்டே காதலித்து, இரண்டு வீட்டாரிடமும் சண்டை போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஜோடி. கம்பெனி குவார்ட்டர்ஸில் இவர்கள் வீட்டுச் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கும். ஆனால் அரைமணி கழித்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதும் ஊருக்கே தெரியும்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. தன்ஷிகா. போன வருஷம் ஆடி மாதம், மூன்று வயதில், காய்ச்சலில் போய்விட்டாள்.

அன்றைக்கு ஹேமா குழந்தையோடு வீட்டில் இருந்தாள். ஏழுமலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். குழந்தைக்கு வலிப்பு கண்டு கண் மேலே சொருகியபோது ஹேமா அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். இப்போது எடுப்பான், பஸ் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தானே வருகிறது, டிரைவரிடம் சொல்லி யாரையாவது அனுப்புவான் என்று நம்பி, ஆட்டோ தேடக் கீழே இறங்காமல் நின்றுவிட்டாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். டாக்டர்கள் அதைச் சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள்.

ஏன் போனை எடுக்கவில்லை? இந்த ஒரு கேள்வியை ஹேமா அவனிடம் கேட்கவில்லை. இடுகாட்டில் வைத்துக் கேட்க முடியாது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு கேட்கலாம் என்றிருந்தாள். கேட்கப் போகிற ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவனும் அவள் கேட்கப் போகிறாள் என்று தெரிந்து எழுந்து போய் முகம் கழுவினான். எப்படியும் ஒருநாள் வெடிக்கும், மூன்றாவது மாடிவரை கேட்கும், அவனை அடிப்பாள், அவன் அழுவான், அப்புறம் தான் அழலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதற்குள் புரட்டாசியில் இசைவு வந்துவிட்டது.

முதலில் தற்செயல் என்றே நினைத்தாள். இவள் வரும்போது அவன் கிளம்புவான், இவள் விழித்திருக்கும்போது அவன் தூங்குவான். லீவு கேட்டால் இவளுக்குக் கிடைக்கிற நாளில் அவனுக்குக் கிடைக்காது. தட்டில் மூடி வைத்த சோறும், சூடாக ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்த டீயுமாக அவர்கள் குடும்பம் நடந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், ஆரம்பத்தில் ஹேமாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று ஒருநாள் உறைத்தபோது பயந்துபோனாள்.

அன்றைக்குத் தூங்காமல் விழித்திருந்து அவன் வரவைப் பார்த்தாள். கதவைத் திறந்து அவளைக் கண்டதும் அவன் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு காப்பும் ஒன்றாக அதிர்ந்தன, சிவப்பு. நலப்பிரிவிலிருந்து போன் வந்தது. தூக்கம் கெட்டதால் நாளைக்கு வேலை கிடையாது, ஓய்வெடுங்கள் என்று ஒரு பெண்குரல் தேனொழுகச் சொன்னது. மறுநாளே ஏழுமலையைச் செய்யாறு யூனிட்டுக்குப் போட்டார்கள், சில வாரங்களுக்கு. அங்கேயே தங்கும் இடமும் கொடுத்தார்கள். கோபிக்க ஆள் இல்லை, எல்லாம் அவர்கள் நலனுக்காகத்தான்.

ஹேமா நலப்பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்தவள் வைதேகி, சென்னையில் மனநலம் படித்துவிட்டு வந்த பெண், நல்ல பெண்தான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஹேமா விஷயத்தைச் சொன்னதும் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடுகள் மலையும் பள்ளமுமாகப் போயின.

“பாருங்க ஹேமலதா, நீங்க தனியா இருக்கும்போது பச்சை. அவர் தனியா இருக்கும்போதும் பச்சை. ரெண்டு பேரும் முழிச்சிட்டு ஒரே வீட்ல இருந்தா மட்டும் இப்படி ஏறுது. ரெண்டு பேருக்குமே. இவ்வளவு ஏத்தம் யாருக்கும் நல்லதில்ல.”

“அதனால பிரிச்சு வெச்சிட்டீங்களா மேடம்?”

“நாங்க பிரிக்கல. இசைவுக்கு நீங்க புருஷன் பொண்டாட்டின்னே தெரியாது. உங்களுக்கு வலிக்கிற நேரத்த அது குறைச்சிருக்கு, அவ்வளவுதான்.”

“வலிக்கத்தான மேடம் செய்யும். எங்க கொழந்த செத்துடுச்சு.”

வைதேகி திரையைப் பழையபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, தன்னால் இதில் கை வைக்க முடியாது, யாராலுமே முடியாது, அப்படிக் கை வைக்க விட்டால் பழையபடி சூப்பர்வைசர் தனக்கு வேண்டியவனுக்கு வேண்டிய ஷிப்ட் போடுவார் என்றாள். அதில் நியாயம் இருந்தது. ஒரே வழிதான் உண்டு என்றும் சொன்னாள். ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மற்றவர் உடம்பு அமைதியாக இருந்தால் இசைவு தானாகவே நேரத்தைச் சேர்த்துவிடும். அடுத்த ஆடியில் வருஷம் திரும்புகிறது, அன்றைக்கு ஒருநாளாவது இரண்டு பேருக்கும் லீவு வேண்டும் என்று ஹேமா கேட்டாள். அதுவும் அப்படித்தான் கிடைக்கும் என்றாள் வைதேகி.

வேலையை விட்டுத் தொலைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். விட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டுச் சுவரில் தன்ஷிகா கிறுக்கிய கிறுக்கல் இருக்கிறது. ஹேமா அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவளுக்கு வழி சொன்னது பக்கத்து மேஜையில் சோதிக்கிற ரோஸ்லின். மாமியார் வாயைத் திறந்தாலே ரோஸ்லினுக்குச் சிவப்பு ஏறி, வேலை நேரம் கண்டபடி மாறிக்கொண்டிருந்தது. இப்போது மாமியார் எதிரில் நின்று கத்தினாலும் பச்சைதான்.

“மனசுக்குள்ள லைன ஓட்டு,” என்றாள் ரோஸ்லின். “எடு, தொட, சாய், பாரு, வை. அவங்க பேசிக்கினே இருப்பாங்க, நீ உள்ளுக்குள்ள பீஸ் பாத்துக்கினே இரு. வேற ஒண்ணும் உள்ள வராது. கண்ணு மட்டும் அவங்க மூஞ்சியில இருக்கட்டும், அதான் மரியாத.”

தொழிற்சாலையில் பாதிப் பேர் அப்படித்தான் பச்சை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ஹேமாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டில் ஆரம்பித்தாள். முதலில் பீரோவைத் திறந்து தன்ஷிகாவின் மஞ்சள் கவுனை வெளியே எடுத்தாள். எடு, துடை, சாய். மூன்றாவதிலேயே காப்பு சிவந்தது. மூடிவிட்டாள். மறுநாளும் திறந்தாள். கவுன் மஞ்சளுக்கு வந்து, பிறகு பச்சைக்கு வந்தது. அடுத்தது சுவர்க் கிறுக்கல். அடுத்தது செய்யாற்றிலிருந்து திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்த ஏழுமலை. அவன் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஏன்யா எடுக்கலை என்று மனதுக்குள் கேட்பாள், கேட்டவுடனே லைனை ஓட்டுவாள். எடு, துடை, சாய், பார், வை. சில நாள் அவன் இமை துடிக்கும், விழித்திருக்கிறானோ என்று தோன்றும். இல்லை, தூங்குகிற ஆளுக்கும் இமை துடிக்கத்தான் செய்யும்.

அவள் நினைத்தது இதுதான். கருவிக்கு முன்னால் கொஞ்சகாலம் மரமாக இருப்போம். அந்த ஒருநாள் கைக்கு வந்ததும் பூட்டைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். நடிக்கிறோம் என்று நமக்குத் தெரியுமல்லவா, அப்புறம் என்ன?

மாசி கழிந்து, இசைவு அவர்களுக்குக் கால்மணி நேரம் சேர்த்துக் கொடுத்தது. இவள் கிளம்புகிற நேரத்தில் அவன் எழுந்தான். இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தார்கள். காப்பு இரண்டும் பச்சை. ஹேமாவுக்கு ஆச்சரியம், அவளுடையது பச்சை, சரி, அவனுடையது எப்படி? பிறகு கால்மணி அரைமணியாயிற்று. ஒருநாள் சேர்ந்தே சாப்பிட்டார்கள். கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று அவன் கேட்டான், அவள் சொன்னாள். செய்யாற்றில் சாப்பாடு எப்படி என்று அவள் கேட்டாள், பரவாயில்லை என்றான். கேள்வியை மட்டும் அவள் எடுக்கவில்லை. நடுவில் எடுத்துச் சிவந்துவிட்டால் ஆடி போய்விடும்.

லீவு கிடைத்தது. கேட்ட நாளுக்கே, இரண்டு பேருக்குமே. ரோஸ்லின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

குழந்தையைப் புதைத்த இடம் படப்பையைத் தாண்டி, கன்டெய்னர்களை அடுக்கி வைக்கிற யார்டுக்குப் பின்னால் இருந்தது. பளிச்சென்ற காலை வெயில். யார்டுக்குள் கிரேன் ஒன்று பெட்டிகளைத் தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டிருந்தது. ஏழுமலை முள்ளை ஒதுக்கினான். ஹேமா பாலைத் தெளித்து, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்து, கற்பூரம் ஏற்றினாள். ஆடிக் காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. அவன் கைகளைக் குவித்துக் காற்றை மறைத்தான். பிறகு இரண்டு பேரும் வேப்பமர நிழலில் தரையில் உட்கார்ந்தார்கள். தொலைவில் லாரிகள் போயின. இதற்காகத்தான் இத்தனை மாதம், இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது என்று அவள் தன்னைத் தானே தள்ளினாள்.

“அன்னிக்கு ஏன் போன் எடுக்கல?”

சத்தமாகக்கூட வரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல வந்தது.

ஏழுமலை மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலதுகை விரல்கள் தொடையின்மேல் அசைந்துகொண்டிருப்பதை அப்போதுதான் அவள் கண்டாள். மடி, ஒட்டு, அழுத்து, தள்ளு. அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை. அவனும் லைன் ஓட்டிக்கொண்டிருந்தான். எத்தனை மாதமாகவோ, இவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு.

“பாத்தன்,” என்றான். “உன் பேருதான் வந்திச்சு. டபுள் ஷிப்ட் பாத்துட்டு வந்தன், கண்ண தொறக்க முடியல. எடுத்தா அத வாங்கியா, இத வாங்கியான்னு சொல்லுவ, சண்ட வரும்னு நெனச்சன். சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டன். நம்ம ஸ்டாப் தாண்டிப் போயி, கடைசி ஸ்டாப்ல டிரைவர் எழுப்பி விட்டாரு.”

ஹேமா காத்திருந்தாள். வரவேண்டியது வரட்டும் என்று காத்திருந்தாள். ஒரு வருஷமாகப் பூட்டி வைத்தது, இதோ இப்போது வரும், அவன் சட்டையைப் பிடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள். எடு. துடை. சாய். பார். அவள் லைனை நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை. அவள் ஓட்டவே இல்லை, தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, சாய்த்துப் பார்த்து, பழுதில்லை என்று தட்டில் வைத்துக்கொண்டிருந்தது.

“ம்,” என்றாள்.

“நீ என்ன அடிப்பேன்னு நெனச்சன் ஹேமா.”

“நானும் அப்படித்தான் நெனச்சன்.”

“அடிக்கிறியா?”

அவள் தன் கையைப் பார்த்தாள். காப்பு பச்சை. அவனுடையதும் பச்சை. அடித்துத்தான் பார்ப்போமே என்று கையை ஓங்கக்கூடச் செய்தாள். ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோளில் ஒட்டியிருந்த முள்ளைத் தட்டிவிட்டுக் கீழே வந்தது. வெயில் ஏறிடுச்சு, போலாமா என்றான் அவன். போனார்கள்.

மறுநாள் இசைவிலிருந்து செய்தி வந்தது. இருவருக்கும் இனி ஒரே ஷிப்ட், ஒரே பஸ், ஒரே விடுமுறை. இருவரும் சேர்ந்திருக்கும் நேரம்தான் கம்பெனியிலேயே அமைதியான நேரமாகப் பதிவாகியிருந்தது. கூடவே வாழ்த்தவும் செய்தது.

ஹேமா திரும்பவும் வைதேகியிடம் போனாள். வைதேகி அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டாள், அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பழையபடி தங்களைப் பிரித்தே போட்டுவிட முடியுமா என்று ஹேமா கேட்டாள். வைதேகிக்குப் புரியவில்லை.

“ஏன், சண்டையா?”

“இல்ல மேடம். சண்ட வரல.”

“பின்ன என்ன கஷ்டம் சொல்லுங்க?”

ஹேமா யோசித்தாள். பிரிந்திருந்தபோது அவன் முகத்தைப் பார்த்தால் சிவப்பு வந்தது, மேடம், அந்தச் சிவப்பில்தான் என் குழந்தை இருந்தாள். இப்படிச் சொல்லலாம் என்று தோன்றியது. தோன்றியதைத் தட்டில் வைத்துவிட்டாள். வைதேகி திரையைப் பார்த்தாள். கோடு ஏரித் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது. கஷ்டம் என்று பதிவானால்தான் இசைவு நேரத்தை மாற்றும், பதிவாகாத கஷ்டத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தத்தோடு சொன்னாள். வேண்டுமானால் மூன்று மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றாள்.

அன்றைக்கு ஹேமாவும் ஏழுமலையும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. வீட்டுக்கு வந்து அவள் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள், அவன் சோறு வடித்தான். தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் வாய் வைத்ததும் ஹேமாவுக்குத் தெரிந்துவிட்டது, குழம்பில் உப்பே போடவில்லை. முன்பென்றால் இதற்கு மட்டுமே ஒரு மணிநேரம் ஆகும், தட்டு பறக்கும், மூன்றாவது மாடிக்காரர் எட்டிப் பார்ப்பார். அவள் தலையை நிமிர்த்தி அவன் வாயையே பார்த்தாள். சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு என்று பார்த்தாள்.

ஏழுமலை மென்று விழுங்கினான். கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.